செல்லுபடியாகும் ஓடு

விலைவாசி ஏறிக் காடே பட்டினி கிடக்க, நரித் தலைவர் பணத்தையே மாற்றினார். "பதுக்கலை ஒழிக்கிறோம்! இனிப் புளியங்கொட்டை செல்லாது. நத்தை ஓடுதான் காசு!"

நத்தைக்குத் தலைகால் புரியவில்லை. கால்தான் கிடையாதே, தலை மட்டும் புரியவில்லை. ஒரே நாளில் பணக்காரன்!

சாயங்காலமே வந்தார் பெருச்சாளி அதிகாரி. தன் புளியங்கொட்டை மூட்டைகளை அறிவிப்புக்கு முந்தின நாளே தானியமாக மாற்றிக்கொண்டவர்.

"முதுகில் என்னய்யா பதுக்கல்? கழற்று."

"ஐயா, இது என் வீடு!"

"ஓகோ, காசிலேயே வீடு கட்டியிருக்கிறாயா?"

தலைவரிடமே போய் முறையிடலாம் என்று கிளம்பியபோதுதான் நத்தைக்கு ஞாபகம் வந்தது. தேர்தல் சமயத்தில் அவர் இதன் வாசலில் வந்து நின்று, "உங்கள் ஓட்டை எனக்கே தாருங்கள்" என்று கும்பிட்டார். இதுவும் சரியென்று தலையாட்டியது. எந்த ஓட்டை என்று கேட்கத்தான் தோன்றவில்லை.