நிற்க முடியாத கண்ணாடி

கடற்கரை ஊர் ஒன்றின் வானொலி நிலையத்தில் பெனடிக்டா என்ற பொறியாளர் இருந்தாள். அலைவரிசைக் கணக்குகளுக்கென்றே செய்த ஸ்லைடு ரூல் என்ற கணக்குக்கோல் ஒன்றை அவள் வைத்திருந்தாள். நடுவே நகரும் பட்டையும், அதன்மேல் ஓடும் கோடு போட்ட கண்ணாடியும் சேர்ந்துதான் விடை சொல்லும். ஆனால் கண்ணாடிக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது.

ஒரு மதியம் புயல் திசை மாறியது. படகுகளோ நடுக்கடலில் இருந்தன. எச்சரிக்கப் போன நேரத்தில் ஒலிபரப்பியில் அலைவரிசையைச் சரியாக நிறுத்தும் கண்டென்சர் புகைந்துவிட்டது. எந்த அளவில் வேறொன்று போடுவது? பெனடிக்டா அவசரமாகப் பட்டையைத் தள்ளிக் கண்ணாடியை இழுத்தாள்.

“வந்தாச்சு, கிளம்பலாம்,” என்றது கண்ணாடி.

“நில்லு! அவ இன்னும் படிக்கலை,” என்றது பட்டை.

அதற்குள் கண்ணாடி மயிரிழை நகர்ந்துவிட்டது. பெனடிக்டா தப்பான அளவைப் படித்துப் பொருத்தினாள். அலைவரிசை விலகிப்போனது. எத்தனை முறை அழைத்தும் ஒரு படகும் பதில் தரவில்லை.

அவள் மறுபடி கணக்குப் போட்டாள்.

“முடியலையே, உடம்பெல்லாம் பதறுது,” என்று கண்ணாடி முனகியது.

“என்னை இறுக்கிப் பிடிச்சுக்கோ. அவ படிச்சு முடிக்கிற வரைக்கும்தான்,” என்றது பட்டை.

கண்ணாடி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. பெனடிக்டா எண்ணைப் படித்தாள், கண்டென்சரை மாற்றினாள், அழைத்தாள்.

“கேக்குது அக்கா! திரும்புறோம்!” ஒவ்வொரு படகாகக் குரல் வந்தது. பெனடிக்டா மேசைமேல் தலை சாய்த்து அழுதாள்.

“கேட்டியா?” என்றது பட்டை.

கண்ணாடி அதற்குள் ஸ்லைடு ரூலின் கடைசி ஓரத்துக்குப் போய், அடுத்த கணக்குக்காகத் தவித்துக்கொண்டிருந்தது.