இரண்டு ஸ்டாப் கூடுதல்

“ரெண்டு ஸ்டாப் வெளிச்சம் ஜாஸ்தி. ஜன்னல் வெந்தே போச்சு, பாருங்க.”

நடுவர் சுவரில் மாட்டியிருந்த கடைசிப் படத்தைக் குச்சியால் தட்டினார்.

கேமரா சங்கத்தில் அவருக்குப் பெயர் மீட்டர். புது ஃபிலிம் எது வந்தாலும், எவ்வளவு வெளிச்சத்துக்கு எவ்வளவு கறுக்கிறது என்று சோதித்துப் பார்க்காமல் விடமாட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் எடுத்ததெல்லாம் சோதனைப் படங்கள்தான். சோதனை முடிந்ததும் நிஜப் படம் எடுப்பதாக இருந்தார்.

சோதனைக்கு நிற்பது மனைவி. அளவு பார்க்க ஒரு சாம்பல் நிற அட்டை வேண்டும். அட்டையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். அந்த வகையில் மனைவியும் வேண்டும்.

அவள் சிரிக்கக் கூடாது. சிரித்தால் கன்னத்தில் வெளிச்சம் மாறி, கணக்குக் கெட்டுப்போகும்.

எடுத்த கையோடு ஃபிலிம் கழுவ இருட்டறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்வார். கதவுக்கு மேலே வெளிப்பக்கம் ஒரு சின்னச் சிவப்பு பல்பு எரியும். அது எரிகிறவரை, வீடே பற்றிக்கொண்டாலும் யாரும் கதவைத் தட்டக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சங்கச் செயலாளர் வீட்டுக்கு வருவார். மீட்டரின் உயிர் நண்பர்.

“நீ உள்ள போய் உன் வேலையப் பாரு மீட்டரு. நான் பாட்டுக்கு ஹால்ல உக்காந்திருக்கேன்” என்பார்.

இவ்வளவு பொறுமையான நண்பன் யாருக்கு வாய்ப்பான்?

போட்டி விதிப்படி படங்களில் பெயர் கிடையாது. கடைசிப் படத்தில் ஒரு பெண் நாற்காலியிலிருந்து சரிந்துவிடுகிற மாதிரி சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு கை வயிற்றைப் பிடித்திருந்தது. இன்னொரு கை எதையோ எடுத்து முகத்தை மறைத்திருந்தது. சங்கத்தார் எல்லோரும் அதன் முன்னால்தான் கூட்டமாக நின்றார்கள். மீட்டருக்கு எரிச்சல் மூண்டது.

“ஆனா சார், பாத்தா நமக்கே சிரிப்பு வருதே?” என்றார் புதிதாகச் சேர்ந்த பல் டாக்டர்.

“நீங்க சிரிப்பப் பாக்குறீங்க டாக்டர், நான் படத்தப் பாக்குறேன். டெஸ்ட் பண்ணாம எடுத்தா இதான் கதி. முறையா எடுத்திருந்தா இந்த மூலையெல்லாம் நல்ல கறுப்பா விழுந்திருக்கும். இப்ப வேண்டாததெல்லாம் தெரியுது.”

வேண்டாதது எது என்று காட்ட, குச்சியை மூலைக்குக் கொண்டுபோனார்.

அங்கே ஒரு கதவு தெரிந்தது. கதவில் ஒரு தாள். ‘தட்டாதே’ என்று எழுதியிருந்தது. கையெழுத்து அவருடையது.

குச்சி மெல்லத் திரும்பி அந்தப் பெண்ணிடம் வந்தது. முகத்தை மறைத்திருந்தது ஒரு அட்டை. அதன் ஓரத்தில், போன மாதம் அவரே ஃபிலிம் கழுவும் மருந்தைக் கொட்டிய கறை.

“என்ன சார், பாதியில நிறுத்திட்டீங்க?” என்றார் பல் டாக்டர்.

எல்லோரும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். செயலாளர் மட்டும் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மீட்டர் மறுபடியும் அந்தக் கதவைப் பார்த்தார்.

அதற்கு மேலே பல்பு எரிந்துகொண்டிருந்தது.