பதினேழாம் எண் ஸ்லைடு

“இருக்கலாம்”, “தோணுது” என்று இழுத்ததாலேயே இரண்டு நேர்காணல்களில் டிவினாவுக்கு வேலை கைநழுவிப் போயிருந்தது. இலோயிலோ நகரத்துப் புற்றுநோய் ஆய்வுக்கூடத்தில் இது மூன்றாவது. இன்று எதையும் அடித்துச் சொல்லிவிடுவது என்று முடிவுகட்டி வந்திருந்தாள்.

“முதல்ல சாப்பிடு கண்ணு,” என்று பொரித்த வாழைப்பழ தூரோனை நீட்டினார் நேர்காணல் எடுத்த டாக்டர் ரொசாரியோ.

“இருக்கட்டும் மேடம், இப்பத்தான் சாப்பிட்டேன்.”

“இங்க வர்ற எல்லாரும் சொல்ற பொய்தான். சரி, பதினேழாம் நம்பர் ஸ்லைடைப் பார்த்துச் சொல்லு. மார்புக் கட்டி.”

டிவினா நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தாள்.

“கொலாஜன் நார் கட்டியைச் சுத்தி வேலி மாதிரி வளைஞ்சிருந்தா நல்லது மேடம். இதுல நேரா வெளியே ஓடுது. புற்றுநோய் செல்லு பரவுறதுக்கு ரோடு போட்டுக் குடுத்த மாதிரி.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, பரவியிருக்கும். இவங்க ரெண்டு வருஷம்கூடத் தாண்டியிருக்க மாட்டாங்க.”

“அடேங்கப்பா! சந்தேகமே இல்லையா?”

“இல்ல மேடம். ஆள் போயாச்சு.”

டாக்டர் தூரோனை நிதானமாக மென்று முடித்து, விரல்களைத் துடைத்துக்கொண்டார்.

“அது என்னோட கட்டி. எடுத்துப் பதினாறு வருஷம் ஆச்சு.”

டிவினா சட்டென்று எழுந்து பையை எடுத்தாள்.

“மன்னிச்சிடுங்க மேடம்... நான் வர்றேன்.”

“எங்க கிளம்பிட்ட? நார் ஓடுறதை நீ சரியாத்தான் படிச்சிருக்க. எனக்கு வைத்தியம் பார்த்தவங்களும் ரெண்டு வருஷம்னுதான் சொன்னாங்க. திங்கக்கிழமை வேலைக்கு வந்துடு.”

“என்ன வேலை மேடம்?”

“நான் ஏன் இன்னும் சாகலைன்னு கண்டுபிடிக்கணும்!”