நாலு பாஸ்புக்

"பேங்கே நம்பாத ஆளை நம்பி நான் பொண்ணைக் கொடுக்கணுமா?"

பூசைக்குப் போய்வந்த சட்டையைக்கூடக் கழற்றாமல் சத்தம் போட்டார் அருளானந்தம். வங்கியில் கடன் பிரிவிலேயே முப்பது வருடம் இருந்துவிட்டுப் போன வருடம், தொண்ணூற்று நாலில்தான் ஓய்வு பெற்றிருந்தார்.

கல்யாணம் என்றால் பங்குச் சாமியார் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பார். அருளானந்தம் பாஸ்புக் கேட்பார். காரைக்குடியில் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் இது தெரியும், சிரிப்பார்கள்.

"சிரிங்கப்பா. கல்யாணத்துக்கு அப்புறம் அழாம இருந்தாச் சரி" என்பார்.

மகள் பெல்சிக்கு வந்திருந்த வரன் அந்தோணி பிரபு. புதுவயலில் ரைஸ்மில் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தான். குடி, சீட்டு எதுவும் கிடையாது. அவனுடைய அத்தை கொண்டுவந்த சம்பந்தம். எல்லாம் பொருந்தி வந்த நேரத்தில், அருளானந்தம் தன் பழைய நண்பரான ஒரு மேனேஜரிடம் விசாரித்துத் தொலைத்துவிட்டார்.

"லேத் மிஷின் வாங்க லோன் கேட்டிருக்கான். இல்லைன்னுட்டாக. ஏன் தெரியுமா? மூணு வருசத்துல நாலு கணக்கு! ஒண்ணுகூட ஒரு வருசம் தாண்டலை. எங்குட்டுப் புதுசா பிராஞ்ச் திறந்து கிப்ட் குடுத்தாலும் அங்குட்டு ஓடிர்றது. கடிகாரம், பிளாஸ்க், ஹாட்பாக்ஸ், கடைசியா குடை!"

"சும்மா குடுக்குறாக, வாங்கிக்கிறாரு. இதுல என்ன குத்தம்?" என்றாள் மனைவி அடைக்கலமேரி.

"சும்மா குடுக்குறதுக்கு ஓடுறவன் நாளைக்கு எதுக்கு வேணாலும் ஓடுவான். கடன் குடுக்குறவன் முதல்ல பாக்குறது, ஆளு ஒரு இடத்துல நிலையா நிக்கிறானான்னுதான். கணக்கே நிலைக்காத ஆளுகிட்ட கல்யாணம் நிலைக்குமா?"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெல்சி நிமிர்ந்தாள். அவளும் வங்கிக் கிளார்க்தான்.

"ஏப்பா, முப்பது வருசத்துல பேப்பரைப் பாக்காம ஒரு லோனையாவது ரிஜெக்ட் பண்ணிருக்கீகளா?"

"ஒரு நாளும் இல்ல."

"அப்ப இதுக்கு மட்டும் ஏன் பாக்க மாட்டேங்குறீக?"

அருளானந்தத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. உடனே பையனுக்குச் சொல்லி அனுப்பினார், நாலு பாஸ்புக்கோடு வரச்சொல்லி.

அன்று சாயங்காலமே பிரபு வந்துவிட்டான். பரீட்சைக்கு வந்தவன் மாதிரித் தெரியவில்லை. மஞ்சள் பையிலிருந்து நாலையும் எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, பெல்சி கொடுத்த காப்பியை நிதானமாகக் குடித்தான்.

"கிப்ட் சாமானெல்லாம் என்ன பண்ணுனீக தம்பி?"

"பிரிக்கவே இல்ல சார். அட்டைப்பெட்டியோட இருக்கு. குடும்பம்னு ஆனா வேணும்ல?"

"அதுக்கு முதல்ல பொண்ணு கிடைக்கணும்ல?" என்றபடி அருளானந்தம் பாஸ்புக் அட்டைகளைப் பார்த்தார். "அட, நாலும் ஒரே பேங்க், பிராஞ்ச்தான் வேற. பெல்சி, உங்க பேங்க்தான்!"

பெல்சி காலி டம்ளரை எடுக்காமல் அங்கேயே நின்றாள்.

"புதுவயல் சரி, உங்க ஊரு. கல்லல்ல உங்களுக்கு என்ன வேலை?"

"ஒரு வேலையும் இல்ல சார்."

"கொத்தமங்கலத்துல?"

"அங்குட்டும் இல்ல."

"இதனாலதான் லோன் போச்சு, தெரியும்ல?"

"தெரியும் சார். இன்னொரு கணக்கு மாத்துனா லோனை மறந்துருன்னு மேனேஜரு மொகத்துக்கு நேராவே சொன்னாரு. மறுநாளே இங்க காரைக்குடிக்கு மாத்திட்டேன்."

செய்ததையும் செய்துவிட்டு இவ்வளவு தைரியமாகச் சொல்கிறானே என்று அருளானந்தத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கல்லல் பாஸ்புக்கைப் பிரித்தார்.

சனிக்கிழமை, பத்து ரூபாய் வரவு. அடுத்த சனிக்கிழமை, பத்து ரூபாய். அதற்கு அடுத்த சனிக்கிழமையும் பத்தே ரூபாய். பக்கம் பக்கமாக இப்படித்தான்.

"பத்துப் பத்து ரூபாயாக் கட்டவா வாரா வாரம் அம்புட்டுத் தூரம் போனீக? பஸ்ஸுக்கே பாதி போயிருக்குமே!"

"போச்சு சார்."

"கிறுக்குத்தனமா இருக்கே!"

கம்ப்யூட்டர் அந்தப் பக்கத்துக் கிளைகளுக்கு இன்னும் வரவில்லை. வரவு செலவைக் கிளார்க்தான் பேனாவால் எழுத வேண்டும். அதுவரை தேதியையும் தொகையையும் மட்டுமே பார்த்து வந்த அருளானந்தம், அப்போதுதான் எழுத்தைப் பார்த்தார்.

கொத்தமங்கலம் பாஸ்புக்கைத் திறந்தார். பிறகு புதுவயல், காரைக்குடி. நாலையும் வரிசையாக விரித்துவைத்து மாற்றி மாற்றிப் பார்த்தார். ஆயிரக்கணக்கான கையெழுத்துகளைச் சரிபார்த்த கண்ணுக்கு, நாலும் ஒரே கை எழுதியது என்பதில் சந்தேகமே வரவில்லை.

எட்டிப் பார்த்த அடைக்கலமேரி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏத்தா, இந்த நாலையும் எழுதுனது நீயா?" என்று மகளைக் கேட்டார் அருளானந்தம்.

"ஆமாப்பா, நான்தான்." பெல்சி தலை குனியவில்லை.

அருளானந்தம் கண்ணாடியைக் கழற்றினார். குரல் பாதியாக இறங்கிவிட்டது.

"அப்ப, நீங்க கணக்கை மாத்திக்கிட்டே இருந்தது..."

"நான் மாறவே இல்ல சார். உங்க மகளைத்தான் பிராஞ்ச் பிராஞ்சா மாத்திக்கிட்டே இருந்தாக."