கனமான மோதிரம்

மாப்பிள்ளை மாமனாருக்குத் தரவேண்டிய பாக்கி பன்னிரண்டாயிரத்து நானூற்றைம்பது. கல்யாணத்துக்கு மாமனார் பார்த்து வைத்த மோதிரம் மெலிசாக இருக்கிறது என்று மாப்பிள்ளை கனமானதைக் கைகாட்டினார். மேற்கொண்டு ஆன காசு கடனாக நின்றுவிட்டது.

அந்த மோதிரம்தான் இப்போது சாப்பாட்டு மேசையில், உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்தது.

“பாதியைக் காணோம்ப்பா! நெளிஞ்சு கிடக்கேன்னு நகைக்கடையில நிமிர்த்தக் கொடுத்தேன். கடைக்காரர் எடை போட்டுட்டு என்னை ஒரு மாதிரியா பார்க்கிறார்,” என்றாள் மகள். “இவரைக் கேளுங்க, எங்கே சுரண்டி வித்தார்னு.”

“சத்தியமா விக்கல. நீ போட்டுவிட்ட நாள்லேருந்து நேத்து நீ வாங்கிட்டுப் போற வரைக்கும் நான் அதைக் கழட்டவே இல்ல.”

“அப்ப தானா கரைஞ்சுதா? அது என்ன சோப்புக் கட்டியா?”

மாமனார் காதில் இது எதுவும் ஏறவில்லை. அவர் முன்னால் இரண்டு டம்ளர்கள் கவிழ்ந்திருந்தன; அவர் கணக்கில் ஒவ்வொன்றும் ஒரு கம்பெனி. முப்பது வருஷம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றபோது கிடைத்த பணம் மொத்தமும், நாளைக்கு பேங்க் திறந்ததும், இந்த இரண்டில் ஒன்றின் பங்குக்குப் போக வேண்டும். அதை விட்டால் அவரிடம் வேறு பணம் கிடையாது.

“சண்டையை அப்புறம் போடுங்க. இங்க என் பிழைப்பே ஊசலாடுது,” என்று ஒரு டம்ளரைத் தட்டினார். “இது செம்புக் கம்பெனி. நாலு வருஷமா வெட்டி வித்துக்கிட்டிருக்கான். லாரி ஓடுது, லாபமும் கொஞ்சம் வருது. ஆனா கழுத்துல கடன். பங்கு விலை நத்தை மாதிரி நகருது.”

அடுத்த டம்ளரைச் செல்லமாக முன்னால் இழுத்தார். “இது நம்ம மாப்பிள்ளை வேலை பார்க்கிற தங்கக் கம்பெனி. இன்னும் குண்டுமணி கூட வித்ததில்ல. ஆனா சோதனைக்குத் தோண்டுற குழியில எல்லாம் தங்கம். பங்கு மூணு மடங்கு ஏறிடுச்சு!”

“ரெண்டு வருஷமா வெறும் கல்லாதான் வருதுன்னு சிரிச்சீங்களே?”

“அது உன் கல்யாணத்துக்கு முன்னாடி. நீ போன ராசி, மலையே வாயைத் திறந்துடுச்சு.”

“நல்ல ராசி! பொண்டாட்டி போட்ட மோதிரத்தைத் தின்னுட்டு உக்காந்திருக்கார், பாருங்க.”

மாப்பிள்ளைக்கு அழுகை வராத குறை. “மாமா, நீங்களாவது நம்புங்க. காலையில போனா பொழுது சாயுற வரைக்கும் அந்த ஷெட்டுதான். குழியிலேருந்து வர்ற கல்லை மிஷின் நொறுக்கித் தரும். அதைச் சல்லடையில கொட்டி, உள்ளங்கையால தேய்ச்சுத் தேய்ச்சுச் சலிச்சு, பொட்டலம் கட்டிச் சோதனைக்கு அனுப்பணும். இதுல மோதிரம் விக்கிற நேரம் எனக்கு ஏது?”

தங்கக் கம்பெனி டம்ளரை நிமிர்த்தப் போன மாமனாரின் கை அப்படியே நின்றது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மோதிரத்தை எடுத்தார். மேல்பக்கத்துப் பூவேலை அப்படியே இருந்தது. உள்ளங்கைப் பக்கம் மட்டும் கம்பியாய் இளைத்திருந்தது.

“மாப்பிள்ளை, கல்யாணத்துக்கு முன்னாடி இந்தச் சல்லடை வேலையை யார் பார்த்தது?”

“ஆரம்பத்துலேருந்து நான்தான் மாமா.”

“வெறுங்கையோட?”

“ஆமா. மோதிரம் கீதிரம் போட்டுக்கிட்டு உள்ளே வராதேன்னு கதவுல எழுதிக்கூட ஒட்டியிருக்கான். இவதான் கழட்டினா பேசவே மாட்டேன்னுட்டாளே.”

மாமனார் சட்டைப்பையிலிருந்து தங்கக் கம்பெனிக்குப் பணம் கட்ட எழுதி வைத்திருந்த தாளை எடுத்தார். நாலாகக் கிழித்தார். பிறகு செம்புக் கம்பெனி டம்ளரை நிமிர்த்தி, தண்ணீர் ஊற்றி, ஒரே மூச்சில் குடித்தார்.

“நாளைக்கு முதல் வேலையா இந்த மோதிரத்தை உங்க மேனேஜர்கிட்ட காட்டுங்க மாப்பிள்ளை. அப்புறம், அந்தப் பன்னிரண்டாயிரத்து நானூற்றைம்பதை நீங்க தர வேண்டாம்.”

மகள் துள்ளி எழுந்தாள். “மோதிரத்தை வித்தவருக்குக் கடன் தள்ளுபடி வேறயா?”

“அவர் விக்கலம்மா, அது சல்லடையில தேய்ஞ்சு போச்சு. அந்த மலையில இருக்கிற தங்கம் பூரா இந்த மோதிரம்தான்!”