போராட்டத்தின் ஆறாம் நாள்

"பெத்த பிள்ளைங்களை விட்டுட்டு நடுத்தெருவுல கொடி பிடிக்கிற பொம்பளையை எந்த ஊர்லயாவது பார்த்திருக்கியா?"

டோக்தோசுன் கேட்டது தன் செவலைக் குதிரையிடம். வீட்டில் அவன் பேச்சைக் காது கொடுத்துக் கேட்க வேறு ஆள் இல்லை.

மனைவி சாய்ரகுல் பள்ளிக்கூட டீச்சர். சம்பள உயர்வு கேட்டு டீச்சர்கள் எல்லாரும் ஊர்ச் சதுக்கத்தில் போய் உட்கார்ந்து, ஞாயிறு போக இன்றோடு ஆறு நாள். பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு. எட்டு வயது இரட்டையர் பாத்மாவும் சூராவும் வீட்டில்.

காலையில் பாத்மா சூராவுக்கு முடி வெட்டிவிட்டாள். சூரா பூனைக்கு வெட்டினாள். அவன் வைத்த நூடுல்ஸ் சட்டியை விட்டு வர மாட்டேன் என்றது. டிவி ரிமோட் ஆறு நாளாகப் பிள்ளைகள் கையில். பொம்மைப் படம் தவிர உலகத்தில் என்ன நடக்கிறது என்றே அவனுக்குத் தெரியாது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை நாரின் ஊர்க்காரர்களோடு கோக்-போரு குதிரைப் பந்தயம். ஓடுகிற குதிரையில் இருந்து குனிந்து, தலையில்லாத ஆட்டுக்கிடாவை அள்ளி எதிராளியின் குழியில் போடுவதில் அவனை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. பதினோரு வருஷமாக அணியின் முன்குதிரை அவனுடையதுதான். இந்த ஆறு நாளாகப் பயிற்சிப் பக்கம் எட்டிப் பார்க்க முடியவில்லை.

போன் அடித்தது. அணித் தலைவன் ஷெர்மாத்.

"அண்ணே, இன்னிக்கு நாலு மணிக்கு வரலைன்னா உங்க இடத்தை மைராம்பெக்குக்குக் குடுத்துடுவேன்."

"அவனா? செத்த ஆட்டைப் பார்த்தே பயப்படுவானேடா அவன்!"

"அவன் வீட்டுக்காரி டீச்சர் இல்லையே அண்ணே."

அவ்வளவுதான். இரட்டையரை முன்னே ஒன்று, பின்னே ஒன்றாகக் குதிரையில் ஏற்றிக்கொண்டு சதுக்கத்துக்குப் பறந்தான்.

அங்கே ஒரு ஈ காக்கை இல்லை. பெருக்கிக்கொண்டிருந்தவர் எதிர் டீக்கடையைக் கை காட்டினார்.

உள்ளே பன்னிரண்டு டீச்சர்கள். மேஜையில் ஆவி பறக்கும் தேநீர், சம்சா, எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டு போர்சோக் ஒரு குவியல். கோரிக்கை அட்டைகள் மூலையில் சாத்திக் கிடந்தன. சாய்ரகுல் பூட்ஸைக் கழற்றிப் போட்டு, காலை நீட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து அவன் பார்த்து எத்தனையோ காலமாகிறது.

"அடியே..." என்று ஆரம்பித்தான்.

தலை நரைத்த டீச்சர் ஒருவர் ரொட்டியை நீட்டினார். "முதல்ல ரொட்டி எடுங்க தம்பி. அப்புறம் திட்டுங்க."

நீட்டிய ரொட்டியை மறுத்துவிட்டு யார் ஊரில் தலைநிமிர்ந்து நடப்பது? ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டான். நல்ல தடித்த ரொட்டி. மென்று முடிப்பதற்குள் கோபத்தில் பாதி இறங்கிவிட்டது.

"இதுதான் நீங்க போராடுற லட்சணமா?"

"அந்தப் போராட்டம் சனிக்கிழமை சாயங்காலமே முடிஞ்சுபோச்சுங்க. கேட்டதைக் குடுத்துட்டாங்க," என்றாள் சாய்ரகுல்.

"சனிக்கிழமையா? அப்போ திங்கள், செவ்வாய், புதன், இன்னிக்கு எல்லாம்?"

"இது வேற போராட்டம்."

"யாரை எதிர்த்து?"

பன்னிரண்டு பேரும் அவனையே பார்த்தார்கள்.

டோக்தோசுன் விடவில்லை. மடக்கிவிட்டோம் என்று மீசையைத் தடவிக்கொண்டான்.

"யார்கிட்ட கதை விடுறே? போராட்டம் முடிஞ்சிருந்தா பள்ளிக்கூடம் திறந்திருக்கணும்ல? பிள்ளைங்க நாலு நாளா வீட்டுல இருந்து என் உயிரை எடுக்குதுங்களே! பெத்த அப்பன் எனக்குத் தெரியாதா?"

கோணல்மாணலாக வெட்டுப்பட்ட முடியோடு, போர்சோக்கை மென்றபடி சூராதான் சொன்னாள்:

"திங்கட்கிழமையில இருந்து லீவுப்பா. வருஷா வருஷம் இதே வாரம்தான் விடுவாங்க. நீங்கதான் குதிரையோட போயிடுவீங்க."