பச்சை நம்பர் பிளேட்

நெடுஞ்சாலை ஓரத்துப் பெட்ரோல் பங்க் ஒன்றில் புதிதாக மின்சார வண்டிகளுக்குச் சார்ஜ் போடும் மிஷின் வைத்திருந்தார்கள். இந்த மாதம் முழுக்க இலவசம் என்று போர்டும் தொங்கியது. பச்சை நம்பர் பிளேட் போட்ட சின்னக் கார் ஒன்று அதன் பக்கத்தில் நின்று நிம்மதியாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தது.

பெட்ரோல் போட்டுவிட்டு வந்த பெரிய கார் அதைப் பார்த்து இளித்தது.

"உன்னை வாங்குறதுக்கு அரசாங்கமே மானியம் கொடுத்துச்சாமே?"

"ஆமாண்ணே. சாலை வரியும் கிடையாது."

"இப்போ சாப்பாடும் ஓசி. வெட்கமா இல்லை? நான் பிறந்ததிலிருந்து எதையும் சும்மா வாங்கினதில்லை, தெரியுமா?"

சின்னக் காருக்கு முகம் சுண்டிப்போனது. பாதி சார்ஜிலேயே கிளம்பிவிடலாமா என்று யோசித்தது.

அதற்குள் பெரிய காரின் முதலாளி கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார். "ஏம்ப்பா, நாலு டயருக்கும் காத்து அடிச்சிடு. ஸ்டெப்னியையும் விட்டுடாதே. காசு எதுவும் கிடையாதுல்ல?"

"காத்துக்கு ஏது சார் காசு?" என்றபடி பங்க் ஊழியர் குழாயை மாட்டினார்.

பெரிய கார் ஒவ்வொரு சக்கரமாக நிமிர்ந்தது. சின்னக் காரின் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

"அண்ணே," என்றது சின்னக் கார், பங்க் முழுக்கக் கேட்கும்படி, "மெதுவா சாப்பிடுங்க. நானும் வயிறு நிறைஞ்ச பிறகுதான் கிளம்பப் போறேன்."

பின்னால் காற்றுக்குக் காத்திருந்த ஆட்டோக்கள் எல்லாம் சேர்ந்து ஹாரன் அடித்துத் தீர்த்தன.